மூக்கால் குடியேறும் விருந்தாளி: செல்லப் பிராணி வாங்கும் முன் இதெல்லாம் தெரியுமா?

ஒரு நாய்க்குட்டி நிமிர்ந்து பார்த்ததும் "ஐயோ, அந்தக் கண்ணைப் பாருங்களேன்!" என்று உருகாத ஆள் உண்டா? அந்தப் பார்வைக்கென்றே நாயின் முகத்தில் தனியாக ஒரு தசை இருக்கிறது, தெரியுமா? உள்புருவத்தை விருட்டென்று மேலே இழுக்கும் தசை. ஓநாயின் முகத்தை அறுத்துப் பார்த்தால் அதே இடத்தில் சில நார்கள்தான் கிடைக்கின்றன. மனிதனோடு வாழ்ந்த காலத்தில்தான் இந்தத் தசை தேறி வந்திருக்கிறது என்கிறது 2019-ல் வெளியான உடற்கூறு ஆய்வு. புருவம் ஏறினால் கண் பெரிதாகத் தெரியும், முகத்தில் பச்சைக் குழந்தையின் சாயல் வரும், நம் கை தானாகப் பர்ஸுக்குப் போகும்!

இது மட்டுமா? 2015-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் ஓர் அறையில் விட்டு, முன்னும் பின்னும் இரு தரப்பின் சிறுநீரையும் சோதித்தார்கள். ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஜோடிகளில் நாய்க்கும் ஆக்ஸிடோசின் ஏறியிருந்தது, மனிதருக்கும் ஏறியிருந்தது. தாய்க்கும் சேய்க்கும் இடையில் சுரக்கும் அதே பாச ஹார்மோன்! மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் இப்படி நடக்கவில்லை. ஆகவே குட்டி பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு என் முதல் யோசனை: பார்த்த அன்றே தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள். தேர்ந்தெடுப்பது நம் கண். ஆனால் வந்து சேரும் பிராணி நம் வீட்டில் குடியேறுவது மூக்காலும் காதாலும். அத்தனை அதிசயமும், அத்தனை சிக்கலும் இங்கேதான்.

ஜாதி நாய்க்கு எத்தனை மார்க்?

"லேப் என்றால் சாது, ராட்வைலர் என்றால் முரடு" என்று அடித்துச் சொல்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000-க்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்த ஒரு பெரிய ஆய்வு 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் ஜாதியின் பங்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 9 சதவீதம்! ஆக, ஜாதிச் சான்றிதழை விரித்துப் படிப்பதைவிடக் குட்டியின் தாயைப் போய்ப் பார்ப்பது மேல். அந்நியர் வந்ததும் அது பம்முகிறதா, உறுமுகிறதா, வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா என்று கவனியுங்கள்.

உடம்பு விஷயத்தில் மட்டும் ஜாதி கறாராகப் பேசும். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி மூச்சிரைப்பது. மூக்கே சப்பையாகிப்போன பக் நாய்க்கு அந்த வழியும் குறுகல்! ஒரு செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னால் ஓடி வந்ததைப் பார்த்துவிட்டு நாடே பக் வாங்கியது. அக்னி நட்சத்திரத்தில் அவை பட்ட பாடு கால்நடை மருத்துவர்களுக்குத்தான் தெரியும். சைபீரியப் பனியில் வண்டி இழுக்க உருவான ஹஸ்கியை மதுரையில் வாங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? ஏசி போட்டாலும் அது குளிருக்கு எடுத்த உடம்புதான்.

நம் மண்ணுக்கென்றே வந்த நாய்கள் இருக்கின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ஒன்று நம் ராஜபாளையம்! ஆனால் இந்த வெள்ளை அழகனுக்குள் ஒரு ரகசியம் உண்டு. உள்காது வேலை செய்ய நிறமிச் செல்களும் தேவை. உடம்பில் நிறமி குறைந்த வெள்ளை நாய்களில், டால்மேஷியன் உட்பட, பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதற்கு இதுதான் காரணம். ராஜபாளையத்திலும் இது உண்டு. குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். மற்றவை திரும்பி, ஒன்று மட்டும் தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தால் விஷயம் புரிந்துவிடும். காது கேளாத நாயைக் கைச்சைகையால் அருமையாகப் பழக்கலாம். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். இன்னொன்று: வேட்டைக்கும் காவலுக்கும் பழகிய பரம்பரை இது. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குள் அடைத்துவைத்தால் அதற்கும் பைத்தியம் பிடிக்கும், உங்களுக்கும் பிடிக்கும்.

வாயைத் திறந்தால் வயது தெரியும்

"ரெண்டு மாசக் குட்டி சார்" என்று விற்கிறவர் சொல்வார். நீங்கள் வாயைத் திறந்து பாருங்கள்! பிறந்த குட்டிக்குப் பல் கிடையாது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஊசி போன்ற பால் பற்கள் முளைக்கத் தொடங்கி, எட்டு வாரத்தை ஒட்டி 28-ம் வந்துவிடும். கடைவாய் இன்னும் காலியாக இருந்தால் அது தாயிடம் இருக்க வேண்டிய குட்டி. எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. இது எத்தனை பேருக்குத் தெரியும்? கடிக்கும் அழுத்தத்தை அடக்கப் பழகுவது உடன்பிறப்புகளோடு விளையாடும் அந்த வாரங்களில்தான். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடம் படிக்காமல் வந்த குட்டி உங்கள் விரலில் படிக்கும்!

இப்போது உண்மையிலேயே மலைக்க வைக்கும் செய்தி. நாய்க்குட்டியின் மூளைக்கு ஒரு ஜன்னல் உண்டு. ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் திறக்கிறது, பதினான்காம் வாரத்தை ஒட்டி மூடத் தொடங்குகிறது. அதற்குள் பார்த்த மனிதர், கேட்ட ஓசை, மிதித்த தரை எல்லாம் ‘என் உலகம்’. அதற்குப் பின் வருவது ‘ஆபத்தாக இருக்குமோ?’. 1961-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் குட்டிகளை மனித வாடையே அதிகம் படாத ஒரு வேலிக்குள் வளர்த்து, வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்துப் பழக்கினார்கள். பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் காட்டு விலங்கைப் போலவே மிரண்டன!

சரி, உடனே தெருவுக்கு அழைத்துப்போகலாமா? அங்கேதான் இடிக்கிறது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் ஒரு வருடம்கூடக் காத்திருக்கும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஏன் இத்தனை முறை என்று டாக்டரைச் சந்தேகிக்காதீர்கள். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது! அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் தொடர் ஊசி. ஊசி முடியும்போது ஜன்னல் மூடிவிடும், ஜன்னல் திறந்திருக்கும்போது ஊசி முடியாது. வழி? தூக்கிக்கொண்டு போங்கள்! கையிலோ கூடையிலோ வைத்துக்கொண்டு பஸ் ஹாரன், ஹெல்மெட் போட்ட ஆள், தாடி வைத்த தாத்தா, பள்ளி விடும் நேரத்துக் கூச்சல் எல்லாவற்றையும் காட்டுங்கள். தரையில் மட்டும் இறக்காதீர்கள்.

முதல் ராத்திரி

நம் மூக்கில் வாசனை உணரும் ஏற்பிகள் ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு இருபது, முப்பது கோடி! அப்படிப்பட்ட மூக்கோடு புது வீட்டுக்குள் நுழையும் குட்டிக்கு, தாய் வாசனை ஒரேயடியாகக் காணாமல் போன உலகம் எப்படி இருக்கும்? அதனால்தான் அழைத்து வரப் போகும்போது ஒரு பழைய துண்டை எடுத்துப்போய், தாயும் குட்டிகளும் படுத்த இடத்தில் தேய்த்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். முதல் சில ராத்திரிகள் அந்தத் துண்டோடு உங்கள் கட்டில் பக்கத்திலேயே படுக்கட்டும். "அழட்டும், பழகிக்கும்" என்று மாடிப்படிக்கடியில் தனியாகக் கட்டிப்போடுவது நம் ஊரின் பழைய வைத்தியம். நாள் முழுக்க உடன்பிறப்புகளின் சூட்டில் கிடந்த குட்டிக்கு அது தேவையில்லாத தண்டனை.

ஹாலில் ஒன்றுக்குப் போய்விட்டதா? அமோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் என்ன ஆகும் தெரியுமா? சிறுநீரிலும் அந்த நெடிதான் என்பதால், ‘இதுதான் கழிப்பிடம்’ என்று நீங்களே பெயர்ப்பலகை மாட்டியது போல ஆகிவிடும்! என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் கடைகளில் கிடைக்கிறது. அது வாசனையின் மூலத்தையே உடைக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப்போனாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பொம்மை வாங்கப் போகிறீர்களா? சிவப்புப் பந்தை வைத்துவிடுங்கள். நாய்க் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் பளிச். பச்சைப் புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்தை அது பெரும்பாலும் மோந்துதான் கண்டுபிடிக்கிறது. பாட்டுப் போட்டு அமைதிப்படுத்தலாமா? போடலாம். ஸ்காட்லாந்தில் ஒரு நாய்கள் காப்பகத்தில் வகைவகையாக இசை போட்டுப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. நாய்களை அதிகம் தளர்த்தியவை ரெகேவும் மென்மையான ராக்கும்! இளையராஜாவை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை, நீங்கள் முயன்று பாருங்கள்.

பெரிய நாயைத் தத்தெடுத்தால், மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை புரியும், மூன்று மாதத்தில் ‘இது என் வீடு’ என்ற தெம்பு வரும். முதல் நாளே சொந்தபந்தத்தை எல்லாம் அழைத்து வரிசையில் கொஞ்சவிட்டால் இந்தக் கணக்கு நீளும். அது கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, முகத்தைத் திருப்புகிறதா? தூக்கமும் இல்லை, பசியும் இல்லை என்றால் ‘போதும், விடுங்கள்’ என்று கெஞ்சுகிறது. வாலைக்கூடப் பாருங்கள்! தன்னை வளர்ப்பவரைக் கண்டால் நாயின் வால் வலப்பக்கம் அதிகம் சாய்கிறது, மிரட்டும் அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம் என்று 2007-ல் இத்தாலியில் அளந்தே காட்டினார்கள்.

பூனைக்கு ஒரு அட்டைப்பெட்டி

பூனைப் பிரியர்கள் பொறுத்திருந்தது போதும். பூனை குடியேற நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! ஓர் அட்டைப்பெட்டி போதும். 2014-ல் நெதர்லாந்தில் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மீதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவற்றின் பதற்றம் மூன்றாம், நான்காம் நாளிலேயே தெளிவாகக் குறைந்திருந்தது. ஒளிய இடம் இருந்தால்தான் பூனை வெளியே வரும்! அதனால் புதுப் பூனைக்கு முதலில் வீடு முழுவதையும் திறந்துவிடாதீர்கள். ஓர் அறை, ஒரு பெட்டி, மணல் தட்டு, தண்ணீர், சாப்பாடு. கட்டிலுக்கடியில் புகுந்தால் இழுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, அது பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். 2020-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், இப்படிக் கண்சிமிட்டிவிட்டுக் கையை நீட்டியபோது பூனைகள் நெருங்கி வருவது கூடியது!

அதன் கன்னத்தில் மெல்லிய துணியைத் தேய்த்து, சோபா காலிலும் கதவோரத்திலும் தடவுங்கள். பூனையின் கன்னத்தில் சுரக்கும் வாசனை வேதிப்பொருள் ‘இது நம்ம இடம்’ என்று அதற்கே அறிவிக்கும். மணல் தட்டு எத்தனை? ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று. கஞ்சத்தனம் செய்தால் உங்கள் துணிக்கூடைதான் மூன்றாவது தட்டு.

பூனை வீட்டைத்தான் நேசிக்கும், ஆளை நேசிக்காது என்பார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் 2019-ல் சோதித்த பூனைக்குட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வளர்ப்பவர் திரும்பி வந்ததும் நிம்மதியடைந்து விளையாடப் போயின. கைக்குழந்தைகளிடம் காணும் விகிதமும் கிட்டத்தட்ட இதுதான்! அதே ஆண்டு ஜப்பானில், பூனைக்குத் தன் பெயர் தெரியும் என்றும் நிரூபித்துவிட்டார்கள். கூப்பிட்டால் வராது, அது வேறு விஷயம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ சொல்வது அரிது, அந்தக் குரல் பெரும்பாலும் நமக்காகவே. இனிப்பின் ருசி அதற்குத் தெரியவே தெரியாது, அந்த ஏற்பியின் மரபணு பழுதாகிவிட்டது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த மூவண்ணப் பூனையைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘பெண்’ என்று சொல்லுங்கள். ஆரஞ்சு நிறத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இரண்டு எக்ஸ் இருந்தால்தான் இரண்டு நிறமும் சேர்ந்து வரும். ஆண் மூவண்ணம் ஆயிரக்கணக்கில் ஒன்று பிறந்தாலே அதிசயம்!

வாயில்லா ஜீவன், வாயில் விஷம்

பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செரித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை உயிரைக் குடித்துவிடும்! பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தும் பூனைக்கு நஞ்சு. பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் போய்விடும். நாய்க்குச் சாக்லேட் ஆகாது என்பது தெரிந்திருக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை? அதுவும் ஆகாது, சிறுநீரகத்தைச் சாய்க்கும். மீந்துபோன சாம்பார் சாதம்? அதில் வெங்காயம், பூண்டு! இரண்டும் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பீரோவில் வைக்கும் நாப்தலீன் உருண்டை, வாசலில் பூக்கும் அரளி, நம் மாநில மலரான செங்காந்தள், எல்லாமே நச்சு. புதுக்குட்டி எல்லாவற்றையும் வாயால்தான் அறிந்துகொள்ளும் என்பதை நினைவில் வைத்து, வருவதற்கு முன்பே வீட்டைத் தரைமட்டத்திலிருந்து ஒரு சுற்றுப் பாருங்கள்.

மீன், கிளி, முயல்

மீன் வாங்கச் சென்னை கொளத்தூருக்குப் போகிறவர்கள் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருகிறார்கள். ஒரு வாரத்தில் மீன் மிதக்கிறது. ஏன் தெரியுமா? புதுத் தொட்டியில் பாக்டீரியா இல்லை! மீன் வெளியேற்றும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதைக் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் குடியேற நான்கைந்து வாரம் ஆகும். நண்பர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சை வாங்கிப் போட்டால் சீக்கிரம் நடக்கும். தங்கமீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விடுவது இன்னொரு கொடுமை. இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 43 வயது வாழ்ந்து 1999-ல்தான் செத்தது! கப்பி மீனில் ஒரு பெண் மட்டும் வாங்கிவந்தாலும் குட்டிகள் வரும், ஆச்சரியப்படாதீர்கள். ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைத்திருக்கும் ஜீவன் அது.

பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நட்சத்திர ஆமையும் அப்படியே. சிறை வரை போகும் விவகாரம் இது. பட்ஜரிகர் என்ற சின்னக் கிளியை வளர்க்கத் தடையில்லை. அலகுக்கு மேலே மூக்குப் பகுதி நீலமாக இருந்தால் வளர்ந்த ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் கூண்டை சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்! அடுப்பில் மறந்துபோய் அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் தவாவின் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். காசளவு வாங்கிய சிவப்புக்காது ஆமை தட்டளவு வளரும், முப்பது வருடம் வாழும். அலுத்துப்போய்க் கோயில் குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்கப் பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லும் வேண்டும், கேரட் எப்போதாவது. காதைப் பிடித்துத் தூக்குவதை சினிமாவோடு விட்டுவிடுங்கள்.

காது என்றதும் நினைவுக்கு வருகிறது. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுபோகும் ஒலி நாய்க்கு 45,000 வரை கேட்கும், பூனை அதையும் தாண்டும். புதுப் பிராணியைத் தீபாவளி வாரத்தில் மட்டும் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். மிரண்டு ஓடித் தொலைந்தால் கண்டுபிடிக்க மைக்ரோசிப் உதவும். அரிசி மணி அளவு, உள்ளே பேட்டரி கிடையாது, 15 இலக்க எண் ஒன்று மட்டும்.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டே வேண்டாம். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்கள் வழியாக வருகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. மூன்று மாதமானதும் குட்டிக்கு ரேபிஸ் ஊசி போடுங்கள், டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்த ஊசியையும் போடுங்கள். அதுவரை அது விளையாட்டாகக் கடித்தாலும், பிராண்டி ரத்தம் வந்தாலும், மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் அந்த ஊசி இலவசம்.